அடுத்தவர் புகையும் ஆஸ்துமாவும்

(அறிவியல் மன்ற மாணவியர், பதினோராம் வகுப்பு)

உணவில்லாமல் மனிதன் பல நாட்கள் உயிரோடிருக்க முடியும். நீரில்லாமல் இரண்டொரு நாட்கள் தாங்க முடியும். காற்றில்லாமல் சில நிமிடங்கள்கூட இருக்க முடியாது. இதைச் சிறு வகுப்புகளிலேயே நாங்கள் படித்துவிட்டோம். ஆனால் படித்ததன் பொருளை உணர்ந்தது இந்த ஆண்டுதான்.

ஐப்பசி மழையின்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி நான்கு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய தாயாருக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் கண்டு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். திரும்பி வந்த பிறகு அவள் சொன்ன செய்தி எங்களைச் சிந்திக்க வைத்தது. பரிசோதித்த டாக்டர், "வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா அம்மா?" என்று கேட்டாராம். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த நிலையிலும் தாயார், "யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். தந்தையார் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். கணவரைப் பிறர் முன் குறை கூற அவருக்கு மனம் வரவில்லை. பிறகு எங்கள் தோழிதான், "அப்பா பிடிப்பார் டாக்டர்" என்று மெல்லிய குரலில் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அழுதாளாம்.

"நான் சொன்னது சரியா, தவறா?" என்று அவள் எங்களைக் கேட்டாள். எங்களுக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அப்பா விடும் புகைக்கும் அம்மாவின் இரைப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? ஆஸ்துமா குழந்தைகளுக்கு வரும் நோய் அல்லவா? இவ்வினாக்களோடு எங்கள் உயிரியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் சென்றோம். "நீங்களே படித்துத் தெரிந்து, மலரில் எழுதுங்கள். பெற்றோரும் படிக்கட்டும்" என்றார்கள். அதன் பயனே இக்கட்டுரை.

ஆஸ்துமா என்பது என்ன?

நம் மூச்சுக்குழல் தலைகீழாக நிறுத்திய மரத்தைப் போன்றது. அடிமரம் தொண்டைக்குக் கீழே தொடங்குகிறது. அது இரண்டாகப் பிரிந்து இரு நுரையீரல்களுக்குள் நுழைகிறது. பிறகு கிளை, கிளைக்குள் கிளை எனப் பிரிந்து, முடிவில் இலைகளைப் போன்ற காற்றுப்பைகளில் சேர்கிறது. அங்கேதான் இரத்தம் பிராணவாயுவைப் பெற்றுக்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகிறது.

ஆஸ்துமா உள்ளவருக்கு இந்தக் குழல்களின் உட்சுவர் எப்போதும் சற்றே வீங்கியும் சிவந்தும் இருக்கும். தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் போன்ற ஏதாவது ஒன்று பட்டவுடன் மூன்று மாறுதல்கள் நிகழ்கின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது; உட்சுவர் மேலும் வீங்குகிறது; கெட்டியான சளி சுரந்து வழியை அடைக்கிறது. இவ்வாறு ஒடுங்கிய குழலின் வழியே காற்று வெளியேறும்போது உண்டாகும் ஒலியே 'உய்ங்' என்னும் இரைச்சல். இதை நம் மக்கள் இழுப்பு என்றும் இரைப்பு என்றும் ஈளை என்றும் சொல்வார்கள். இது தொற்றுநோய் அன்று. ஒருவர் குடித்த குவளையில் மற்றவர் குடிப்பதால் வராது.

இதை விளக்க அருட்சகோதரி எங்களுக்கு ஓர் எளிய சோதனை செய்து காட்டினார்கள். இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழல் ஒன்றை வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, குழல் வழியாக மட்டும் அரை நிமிடம் மூச்சு விடச் சொன்னார்கள். பத்து விநாடிக்குள் எங்களில் பலர் குழலை எடுத்துவிட்டோம். "நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஆஸ்துமா நோயாளியால் எடுக்க முடியாது" என்றார்கள். வகுப்பறை அமைதியாகிவிட்டது. (மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இச்சோதனையைச் செய்து பார்க்கக் கூடாது.)

ஆஸ்துமா குழந்தைகளுக்கு மட்டும் வரும் நோய் என்பது தவறான எண்ணம். முப்பது, நாற்பது, ஐம்பது வயதிலும் புதிதாகத் தோன்றலாம். சிறுவயதில் பெண்குழந்தைகளைவிட ஆண்குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோய், பருவம் எய்திய பின் பெண்களிடம் மிகுதியாகிறது. 2019இல் உலகில் ஏறத்தாழ 26 கோடிப் பேர் ஆஸ்துமாவால் துன்புற்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

அடுத்தவர் புகை என்பது எது?

பீடியோ சிகரெட்டோ பிடிப்பவரிடமிருந்து இரண்டு வகைப் புகை வெளிப்படுகிறது. ஒன்று, அவர் உள்ளிழுத்து வெளியே ஊதும் புகை. மற்றொன்று, அவர் இழுக்காத நேரத்தில் விரலிடுக்கில் கனிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து எழும் புகை. அறையில் நிரம்பும் புகையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகையே. இழுக்கும்போது நெருப்பு நன்றாக எரிகிறது. சும்மா கனியும்போது அரைகுறையாக எரிகிறது. விறகு நன்றாக எரிந்தால் புகை குறைவு, ஈர விறகு கனன்றால் புகை மிகுதி என்பது நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்த பாடம். அதுபோலவே, கனியும் நுனியிலிருந்து வரும் புகையில் பல நச்சுப்பொருள்கள் செறிவாக உள்ளன.

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதாக அறிவியலார் கண்டிருக்கின்றனர். அவற்றுள் ஏறத்தாழ எழுபது புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன், நம் ஆய்வுக்கூடத்தில் தவளைகளைப் பதப்படுத்தி வைக்க உதவும் ஃபார்மால்டிஹைடு ஆகியவை அவற்றுள் சில. அம்மோனியாவும் ஃபார்மால்டிஹைடும் மூச்சுக்குழலின் சுவரை அரிக்கும் இயல்புடையவை. ஏற்கெனவே வீங்கியிருக்கும் குழலில் இவை பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. மேலும் இப்புகையின் துகள்கள் மிக நுண்ணியவை. மூக்கிலுள்ள மயிர்களால் அவற்றைத் தடுக்க முடியாது. நேரே நுரையீரலின் ஆழத்துக்குச் சென்றுவிடுகின்றன.

'ஜன்னலைத் திறந்து வைத்தேன்', 'மின்விசிறியைப் போட்டேன்' என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. விசிறி புகையை வெளியேற்றுவதில்லை. அறை முழுவதும் பரப்புகிறது. புகை கண்ணுக்கு மறைந்த பின்னும் அதன் துகள்கள் நெடுநேரம் காற்றிலே மிதக்கின்றன. சட்டை, போர்வை, திரைச்சீலை ஆகியவற்றிலும் படிகின்றன. ஒன்றும் செய்யாத அளவு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இப்புகைக்கு இல்லை என அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2006ஆம் ஆண்டு அறிக்கையில் தெளிவாகக் கூறினார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

1981இல் ஜப்பானிய அறிவியலறிஞர் தக்கேஷி ஹிராயாமா ஓர் ஆய்வை வெளியிட்டார். தாம் புகை பிடிக்காதவர்களாயினும், மிகுதியாகப் புகை பிடிக்கும் கணவர்களைக் கொண்ட பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவதை அவர் எடுத்துக்காட்டினார். 'பிடிப்பவனுக்குத்தானே கேடு' என்று அதுவரை நினைத்திருந்த உலகம் விழித்துக்கொண்டது.

ஆஸ்துமாவைப் பற்றிய ஆய்வுகளும் தொடர்ந்தன. தென் பின்லாந்தில் நடைபெற்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவை ஆராய்ந்தது. வேலை செய்யும் இடத்தில் அடுத்தவர் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. வீட்டிலே சுவாசித்தவர்களுக்கு அதனினும் கூடுதலாக இருந்தது.

நம் நாட்டிலும் சான்றுகள் உள்ளன. சண்டிகர், டெல்லி, கான்பூர், பெங்களூர் ஆகிய நான்கு இடங்களில் 73,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்றே மேலாக ஆஸ்துமா இருந்தது. புகை பிடிக்காதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, வீட்டில் பிறர் புகைக்கு ஆளானவர்களிடம் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. பின்னர்ச் சென்னை உள்ளிட்ட மேலும் பல மையங்களில் நடந்து 2012இல் வெளியான ஆய்வும் இதையே உறுதி செய்தது. அடுத்தவர் புகை, விறகு போன்ற எரிபொருள்களின் புகை, குடும்பத்தில் ஆஸ்துமா இருத்தல் ஆகியவை நோயோடு தொடர்புடையவை என அது கண்டது.

நோய் ஏற்கெனவே உள்ளவர் நிலை என்ன? சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. புகை பிடிக்காத ஆஸ்துமா நோயாளிகளுள், பிறர் புகைக்கு ஆளானவர்கள் அவசர சிகிச்சைக்கு அடிக்கடி வந்தார்கள். அவர்களுக்கு மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

புகை நீங்கினால் நலம் திரும்புமா? திரும்பும். ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் 26 முதல் பொதுக் கட்டடங்களுக்குள் புகை பிடிப்பது தடை செய்யப்பட்டது. டண்டீ நகரப் பகுதி மதுக்கூடங்களில் பணியாற்றிய, புகை பிடிக்காத ஊழியர்களை மருத்துவர்கள் தடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். தடைக்கு முன் நூற்றுக்கு 79 பேருக்கு இருமல், மூச்சிரைப்பு, கண்ணெரிச்சல் போன்ற தொல்லைகள் இருந்தன. இரண்டே மாதங்களில் அது 47ஆகக் குறைந்தது. ஆஸ்துமா உள்ள ஊழியர்களின் மூச்சுக்குழல் வீக்கமும் தணிந்திருந்தது. இச்செய்தி எங்களுக்குப் பெரும் நம்பிக்கையைத் தந்தது.

நம் பென்னலூரில்

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய நம் ஊரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் நெல்வயலும் சூழ்ந்திருந்த பகுதி இது. 1990களின் பிற்பகுதி முதல் இருங்காட்டுக்கோட்டையிலும், பின்னர் ஒரகடத்திலும் பெருந்தொழிற்சாலைகள் வந்தன. வேலை வந்தது; வருமானம் வந்தது. கூடவே லாரிகளும் தூசியும் வந்தன. ஆகையால் இங்குள்ள எல்லா இரைப்புக்கும் பீடி, சிகரெட்டே காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விறகடுப்பு, கொசுவர்த்திச் சுருள், குப்பை எரிக்கும் புகை, பூஞ்சணம் பிடித்த சுவர், பரம்பரை எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் சாலைத் தூசியை நாம் ஒரு நாளில் நிறுத்த முடியாது. வீட்டிற்குள் எழும் புகையை இன்றே நிறுத்த முடியும்.

பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க்கடையில் தொங்கும் கயிற்றை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் நுனி எப்போதும் கனிந்துகொண்டேயிருக்கும். ஷிப்டு முடிந்து வருவோர் அதிலே பற்றவைத்துக்கொள்வார்கள். தேநீர் ஆற்றும் மாஸ்டர் ஒரு பீடியும் தொடாதவராக இருக்கலாம். எனினும் காலை முதல் இரவு வரை அவர் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான். வேலை தேடி வெளியூரிலிருந்து வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கும் இளைஞர்களின் நிலையும் இதுவே. ஒருவர் புகைத்தால் மற்றவர் தூக்கத்திலும் சுவாசிக்க நேர்கிறது. அடுத்தவர் புகையால் துன்புறுவோர் பெண்களும் குழந்தைகளும் மட்டுமல்லர், ஆண்களும்தான். வீட்டுப் பெண்களுக்கோ அடுப்புப் புகை ஒருபுறம், கூடத்துப் புகை மறுபுறம்.

2016 - 17இல் இந்தியா முழுவதும் நடந்த பெரியவர் புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொருவர் அளவே புகை பிடிப்பவர்கள். ஆனால் வீட்டில் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பவர்கள் நூற்றுக்கு முப்பத்தொன்பது பேர். கட்டடத்துக்குள் வேலை செய்வோரில் நூற்றுக்கு முப்பது பேர் பணியிடத்திலும் சுவாசிக்கிறார்கள். பிடிப்பவர் சிலர், அனுபவிப்பவர் பலர் என்பது இதனால் விளங்கும்.

சட்டம் எதுவரை?

1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகை பிடிப்பது பிறருடைய உயிர் வாழும் உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2ஆம் நாள் உச்சநீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பேருந்து, இரயில் முதலிய இடங்களில் புகை பிடிப்பதைத் தடுக்க ஆணையிட்டது. 2003இல் நாடாளுமன்றம் புகையிலைப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. 2008ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று நடைமுறைக்கு வந்த விதிகள் பணியிடங்களையும் பொது இடங்களாக்கின. மீறினால் இருநூறு ரூபாய் வரை அபராதம். கல்விக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதும், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதும் குற்றம்.

ஆனால் இச்சட்டம் நம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உள்ளே வர அதற்கு உரிமை இல்லை. உள்ளே வரக்கூடியது அன்பு ஒன்றே.

மருந்தைப் பற்றி

'இன்ஹேலர் போட்டால் பழக்கமாகிவிடும்' என்று பலர் அஞ்சுகிறார்கள். இது தவறு. மாத்திரை உடல் முழுவதும் சுற்றிய பின்பே நுரையீரலுக்குச் செல்கிறது. இன்ஹேலரோ மிகச் சிறிய அளவு மருந்தை நேரே மூச்சுக்குழலில் சேர்க்கிறது. இறுகிய குழலை விரிக்கும் மருந்து ஒரு வகை. வீக்கத்தைத் தணிக்க நாள்தோறும் எடுக்கும் மருந்து மற்றொரு வகை. இரைப்பு நின்றுவிட்டது என்று இரண்டாவதைத் தாமாகவே நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு நோய் திரும்புகிறது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

நோயாளியால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், இன்ஹேலர் போட்டும் மூச்சு சீராகாவிட்டாலும் தாமதிக்கலாகாது. படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, 108 எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். மார்பு நோய்களுக்கென்றே நம் பகுதிக்கு எட்டும் தொலைவில் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனை இருக்கிறது. 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இல்லமே இவ்வாறு வளர்ந்துள்ளது.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டுக்குள்ளும், மூடிய வண்டிக்குள்ளும் யாரும் புகை பிடிக்கக் கூடாது என்பதை வீட்டு விதியாக்குவோம். 'ஒரு அறையில் மட்டும்' என்னும் விதி பயன் தராது.

2. மருத்துவர் கேட்டால் உண்மையைச் சொல்வோம். அது தந்தையைக் காட்டிக் கொடுப்பதாகாது. மறைத்தால் மருந்தின் அளவு மட்டும் ஏறும்; காரணம் அப்படியே இருக்கும்.

3. பெரியவர்களிடம் சண்டையிட வேண்டாம். பிறர் முன்னிலையில் பேசவும் வேண்டாம். அவர்கள் களைப்பின்றி இருக்கும் வேளையில் பணிவுடன் கூறுவோம். புகைப்பழக்கம் வெறும் பிடிவாதமன்று. நிகோடின் மூளையைப் பிணிக்கும் பொருள். விட முயல்வோருக்கு ஏச்சைவிடத் துணையே தேவை.

4. விட விரும்புவோருக்கு நடுவண் அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800 - 11 - 2356. சிகரெட் பெட்டியிலேயே இதை அச்சிட்டிருக்கிறார்கள்.

5. அடுப்பங்கரையில் காற்று புகுந்து வெளியேற வழி செய்வோம். குப்பையை எரிக்காதிருப்போம்.

மே மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா நாள். அதே மாதம் 31ஆம் நாள் உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். இரண்டும் கோடை விடுமுறையில் வருகின்றன. வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் அந்நாட்களில் இக்கட்டுரையை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள் எனத் தோழியரை வேண்டிக்கொள்கிறோம்.

எங்கள் தோழியின் வினாவுக்கு இப்போது எங்களால் விடை கூற முடியும். "நீ சொன்னது சரி." அவளுடைய தந்தையார் அன்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியில் ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் இரவுப் பணி முடிந்து வந்தவர், வழக்கம்போல் கூடத்தில் உட்காராமல், தெருமுனை வேப்பமரத்தடிக்குச் சென்று நின்றார். இன்னும் முழுதாக விடவில்லை. இரண்டு முறை விட்டு, இரண்டு முறை மீண்டும் தொடங்கிவிட்டார். ஆனால் மழை பெய்தாலும் வீட்டிற்குள் பற்றவைப்பதில்லை. வந்ததும் சட்டையை மாற்றிக்கொள்கிறார். தாயாருக்கு மருந்து தொடர்கிறது. அதற்குப் பின் நடு இரவில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட நேரவில்லை என்று தோழி சொல்கிறாள்.

இதைப் படிக்கும் தந்தையரே, நாங்கள் உங்களைக் குறை கூற எழுதவில்லை. எங்களுக்காக இரவும் பகலும் உழைப்பவர்கள் நீங்கள் என்பதை அறிவோம். ஒன்றே ஒன்று கேட்கிறோம். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரும்போது புகையை வெளியே விட்டு வாருங்கள். நம் வீட்டுக் காற்று நம் எல்லோருக்கும் உரியது.